சாத்தே: குச்சியை விடக் கிண்ணத்தைக் கவனியுங்கள்

கேள்வி: வாரம் ஒருமுறை லாவ் பா சாட்டில் கோழி சாத்தே பத்துக் குச்சி சாப்பிடுகிறேன். கரியில் சுட்டது புற்றுநோய் தரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். விட்டுவிட வேண்டுமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: வேண்டாம், தாராளமாகத் தொடருங்கள். வீட்டார் சொல்வதிலும் உண்மை உண்டு. கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையிலும், இறைச்சி கருகும் இடத்திலும் தீய வேதிப்பொருள்கள் உருவாகின்றன. ஆனால் எவ்வளவு நேரம் சுடுகிறார்கள், எவ்வளவு கருகுகிறது என்பதுதான் அவற்றின் அளவைத் தீர்மானிக்கிறது. சாத்தேத் துண்டு சிறியது, சில நிமிடங்களில் வெந்துவிடும். மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் சேர்த்த மசாலாவில் முன்பே ஊறியது வேறு. இப்படி ஊறிய இறைச்சியில் அப்பொருள்களில் ஒரு வகை குறைவாக உருவாவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கருகிய முனையைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள். '2015-இல் உலகச் சுகாதார அமைப்பே எச்சரித்ததே' என்று வீட்டில் கேட்கலாம். அதன் புற்றுநோய் ஆய்வு முகமை அப்போது சொன்னது பதப்படுத்திய இறைச்சியையும் ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சியையும் பற்றி; கோழியைப் பற்றி அல்ல.

என் கவலையெல்லாம் பக்கத்தில் வரும் கடலைக் குழம்பின் மேல்தான். தோலில்லாத கோழித் தொடைக்கறி 100 கிராமில் சுமார் 200 கலோரி, கூடவே நல்ல புரதம். வறுத்த நிலக்கடலையிலோ அதே எடைக்கு 570-க்கும் மேல்! குழம்பில் எண்ணெயும் சர்க்கரையும் வேறு சேர்கின்றன. கடலை நல்ல உணவுதான். ஆனால் குச்சியை முக்கி எடுப்பது வேறு, கிண்ணத்தை வழித்துக் குடிப்பது வேறு. கூட வரும் கெத்துப்பாட் அரிசிக் கட்டியைப் பாதியாக்கி, வெள்ளரியையும் வெங்காயத்தையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள். போதாவிட்டால் இன்னொரு தட்டு வெள்ளரி கேளுங்கள்.