பகற்பட்டினியும் இரவுத் தீனியும்

புத்தலப்பட்டு

திருப்பதியில் விடுதியில் தங்கிப் படிக்கும் அன்பு மகளுக்குப் பெரியம்மாவின் ஆசிகள்.

பசியில்லாத வேளையிலும் நிறுத்த முடியாமல் பெருமளவு உண்பதும், அதைப் பிறர் அறியாமல் மறைப்பதும், பின்பு வெட்கத்தில் குமைவதும் வாரம் ஒரு முறையேனும் மூன்று மாதம் தொடருமானால், மருத்துவர்கள் அதை மிகையுண்ணல் கோளாறு என்பர். ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1959இலேயே இதை விவரித்திருந்தும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக ஏற்கப்பட 2013 வரை ஆயிற்று. நாக்கை அடக்கத் தெரியாதவள் என்ற ஏச்சு, ஆகவே, நோயை அறியாதார் ஏச்சு.

தீனியைக் காண்போர் அதற்கு முந்திய பட்டினியைக் காண்பதில்லை. 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், உடலும் மனமும் திடமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட 36 ஆடவர் 24 வாரம் அரைவயிற்று உணவில் இருந்து, எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தனர். சமையல் நூல்களைப் படிப்பதும் தட்டை நக்குவதுமாக அவர்கள் நாள் கழிந்தது. கட்டுப்பாடு நீங்கிய பின் சிலர் வயிறு புடைக்க உண்டும் பசி தீராமல் தவித்தனர். காலை இட்லியைத் தவிர்த்து, மதியம் மோரோடு நிறுத்தி, இரவில் விளக்கைப் போடாமல் கட்டிலடிப் பெட்டியிலிருந்து முறுக்கையும் பிஸ்கட்டையும் நின்றபடியே தின்று, காலி உறைகளைப் பைக்குள் திணிக்கும் பெண்ணுக்கு நேர்வதும் அதுவே. அதை ஈடுகட்ட மறுநாளும் அவள் பட்டினி கிடப்பதால் சுழல் நீள்கிறது.

சனிக்கிழமை ஏழுமலையானுக்கும் சங்கடஹர சதுர்த்தியன்று காணிப்பாக்கம் பிள்ளையாருக்கும் இருக்கும் விரதம், முந்தைய இரவுத் தீனிக்குத் தண்டனையாகுமானால், சாமி பெயரில் நடக்கும் டயட்டே. குணமாகும் வரை விளக்கேற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். கொழுக்கட்டைப் பிரியரான பிள்ளையார் கோபிக்கப் போவதில்லை.

எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்துத் திருத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை இந்நோய்க்கேற்ப வளர்த்தவர்களுள் ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் முதன்மையானவர். அம்முறையில் முதலில் நேரம் தவறாமல் மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு சிற்றுண்டியும் உண்ண வேண்டும். உண்டதை அப்போதே குறித்து வைக்க வேண்டும். எடையை வாரம் ஒருமுறைக்கு மேல் பார்க்கலாகாது. களியும் வேர்க்கடலைத் துவையலும் வயிறாற உண்டவளை இரவுப் பெட்டி அவ்வளவாக இழுக்காது. இது நிலைத்த பிறகே, ஆகாதென்று ஒதுக்கிய வெல்லமும் மாம்பழமும் லட்டும் ஒவ்வொன்றாக, பிறரோடு அமர்ந்து உண்ணும் வேளையில், திரும்ப வர வேண்டும். இடையில் ஓரிரவு தவறினாலும் மறுநாள் காலை உணவை விடலாகாது.

உண்டதை வாந்தியெடுத்தோ பேதி மாத்திரை போட்டோ வெளியேற்றும் பழக்கமோ, வாழ்வே வெறுத்த எண்ணமோ சேர்ந்தால், காத்திராமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலோ தெலுங்கிலோ பேசலாம். பொங்கலுக்கு மகள் வரும்போது அவள் உடம்பைப் பற்றியோ தட்டைப் பற்றியோ வாய் திறக்கக் கூடாதென்று வீட்டில் அனைவரிடமும், குறிப்பாகச் சித்தப்பாவிடம், சொல்லியாயிற்று.

ஆசிகளுடன்,
பெரியம்மா