ஒற்றைக் கோடும் மறுசோதனையும்

மாதவிடாய் தவறிக் குமட்டலும் மார்பு நோவும் தோன்றிய பெண்ணுக்கு, ஆஷா ஊழியர் இலவசமாக அளிக்கும் ‘நிச்சய்’ சோதனை அட்டையில் ஒற்றைக் கோடே தெரிவதுண்டு. அதுகொண்டே கர்ப்பமில்லை எனத் துணிதல் தவறாகும்.

இவ்வட்டை சிறுநீரிலுள்ள எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனையே காட்டும். கரு கருப்பைச் சுவரில் பதிந்த பின்னரே அது சுரக்கும். இப்பதிவு, சினைமுட்டை வெளிப்பட்ட 6 முதல் 12 நாட்களுக்குள் நிகழும். பின்னர் அதன் அளவு ஏறத்தாழ 2 நாட்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும். சினைமுட்டை பிந்தி வெளிப்பட்டிருப்பின், சோதனை நாளில் அவ்வளவு போதாதிருக்கும். மிகுதியாக நீர் அருந்தினும் அது நீர்த்துவிடும்.

ஆகவே ஒரு வாரம் கழித்து, விடியற்காலை முதற் சிறுநீரைக் கொண்டு மீண்டும் சோதித்தல் வேண்டும். அதுவரை மாதவிடாயை வரவழைக்கும் மருந்து எதனையும் தாமாக உட்கொள்ளலாகாது. மறுமுறையும் ஒற்றைக் கோடெனில், தைராய்டு அல்லது சினைப்பைக் கோளாறு, உடல் மெலிவு, பாலூட்டல், மனக்கவலை இவற்றுள் ஒன்று காரணமாகலாம். மருத்துவரே ஆராய்ந்து கூற வல்லவர்.

அடிவயிற்றில் கடும் வலி, இரத்தப்போக்கு, மயக்கம் இவை தோன்றின், கரு கருக்குழாயிலேயே தங்கியிருத்தல் கூடும். அப்போது கோட்டை எண்ணிக் காத்திராமல், உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் ஊழியரின் கடமையாகும்.