ஒலிப்புத்தகங்களை அடுக்கி வைத்தல்

அச்சிட்ட நூலைப் படிக்க இயலாதோருக்கு நூல்கள் கிடைப்பது முன்னைவிட எளிதாகியுள்ளது. 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை உலக நாடுகளுள் முதலில் ஏற்புறுதி செய்தது இந்தியா, ஆண்டு 2014. 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்தில் உறுப்பினராவோர் நூல்களைத் தரவிறக்கிக்கொள்ளலாம். எஞ்சியிருப்பது, அந்நூலைக் கணினியிலிருந்து கையடக்கக் கருவிக்கு மாற்றும் பணி. இதனைப் பெரும்பாலும் பார்வையுள்ள மகனோ அண்டை வீட்டாரோ செய்து தருகின்றனர். அவர்கள் திரையை ஒரு நோட்டத்தில் கண்டு தேடுவர். கேட்பவரோ பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கடக்கவேண்டும். நூறு கோப்புகளைக் குவியலாகக் கொட்டிவைத்தால், எழுபதாவதை அடைய அறுபத்தொன்பது முறை விசையை அழுத்த நேரிடும்.

விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். வெற்று மெமரி கார்டை முதலில் கருவியில் செருகினால், தனக்கு வேண்டிய கோப்புறைகளை அதுவே உருவாக்கிக்கொள்ளும். டாலர் குறியுடன் தொடங்கும் அப்பெயர்களை நாம் மாற்றலாகாது. ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. 1-ஆம் விசையால் அடுக்கு மாறும், 4, 6 விசைகளால் நூல் மாறும். இசைக்குரிய அடுக்கு முழுவதையும் கருவி ஒரே நூலாகக் கருதும். ஆகவே, நாவலின் எம்.பி.3 கோப்புகளைப் பிற நூல்களுக்குரிய அடுக்கில், தனிக் கோப்புறையில் இடுவதே முறை. கோப்புறையின்றி இட்டாலோ ஒவ்வோர் அத்தியாயமும் தனி நூலாகிவிடும்.

டெய்சி நூல்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒரு டெய்சி நூல் என்பது ஒலிக் கோப்புகளும், தலைப்புகளையும் பக்கங்களையும் அவற்றோடு இணைக்கும் சிறு கோப்புகளும் சேர்ந்த தொகுதி. சுருக்கப்பட்ட கோப்பாக வரின் விரித்து, முழுக் கோப்புறையையும் அப்படியே நகலெடுக்கவேண்டும். ஒலிக் கோப்புகள் மட்டுமே போதுமென்று எண்ணி மற்றவற்றை விட்டுவிடுவோர் உளர். குரல் ஒலிக்கும்; ஆனால் ஐந்தாம் இயலுக்கோ எண்பதாம் பக்கத்துக்கோ தாவ இயலாது. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற இளைஞருக்கு அது பொருளடக்கமும் பக்க எண்ணும் கிழிக்கப்பட்ட பாடநூல்! உள்ளிருக்கும் கோப்புகளின் பெயரை மாற்றினாலும் இதே கதிதான்.

எம்.பி.3 கோப்புகளை நாமே வரிசைப்படுத்துகையில் 01, 02 எனச் சுழியம் சேர்ப்போம். எழுத்து வரிசையில் அடுக்கும் கருவியில் 1-க்குப் பின் 10 வந்து நிற்கும். கதையின் முடிவு இரண்டாம் அத்தியாயத்துக்கு முன்பே செவியில் விழும். கருவியில் தமிழ்க் குரல் இல்லையெனில் கோப்புறைப் பெயரை ஆங்கில எழுத்துகளில் இடுக. நகலெடுப்பு முடிந்ததும் கணினியில் வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்த பின்னரே அட்டையை எடுக்கவேண்டும். அவசரத்தில் உருவினால் கோப்புகள் சிதையலாம்.

இக்கருவிகளில் குரற்குறிப்புகளைப் பதிவு செய்யும் வசதியும் உண்டு. தொலைபேசி எண், மருந்தின் பெயர், சந்தைப் பட்டியல் ஆகியவற்றுக்கு அது மிக உகந்தது. ஏ.டி.எம். பின் எண்ணையோ இணைய வங்கிக் கடவுச்சொல்லையோ மட்டும் அதில் சொல்லி வைக்கலாகாது. நூல் ஏற்றித் தரும்படி பிறரிடம் அட்டையை ஒப்படைக்கும்போது அக்குறிப்புகளும் உடன் செல்கின்றன. கணினியில் இட்டால் எவரும் கேட்கலாம். முன்னரே பதிந்திருந்தால் உடனே நீக்கிவிடுக; அட்டை ஏற்கெனவே பிறர் கைக்குச் சென்று வந்திருப்பின் பின் எண்ணையும் மாற்றிக்கொள்க.