கொன்றை மரம் தீட்டுவோம்

சித்திரை பிறக்கும்போது சரக்கொன்றை மரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு, கிளைகள் தோறும் மஞ்சள் சரங்களைத் தொங்கவிட்டு நிற்கும். அதைப் படமாகத் தீட்ட யாருக்குத்தான் ஆசை வராது? நீல வானத்தைப் பூசி, அதன்மேல் மஞ்சள் புள்ளிகளை வைத்தால் கொன்றை வந்துவிடும் என்று தோன்றும். வைத்துப் பாருங்கள். பளிச்சிட வேண்டிய மஞ்சள் மங்கி, பச்சையாகத் தெரியும்! ஏன் இப்படி? விடையைத் தெரிந்துகொண்டால், முதன்முறையாகத் தூரிகை பிடிப்பவர்கூட நல்ல கொன்றை மரம் ஒன்றைத் தீட்டிவிடலாம். நாம் இங்கே பயன்படுத்தப் போவது அக்ரிலிக் வண்ணம்.

அக்ரிலிக் என்றால் என்ன?

எந்த ஓவிய வண்ணத்திலும் இரண்டு முக்கியப் பொருள்கள் உண்டு. ஒன்று, நிறத்தைத் தரும் நுண்ணிய தூள். இதற்கு நிறமி என்று பெயர். மற்றொன்று, அந்தத் தூளைத் தாளோடு ஒட்ட வைக்கும் பொருள். நீர்வண்ணத்தில் வேல இனத்து மரங்களின் பிசின் இந்த வேலையைச் செய்கிறது. எண்ணெய் வண்ணத்தில் ஆளிவிதை எண்ணெய் செய்கிறது. அக்ரிலிக்கில் இருப்பதோ ஒரு வகைப் பிளாஸ்டிக். பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதைப் போல, பிளாஸ்டிக்கின் நுண்துகள்கள் நீரில் மிதக்கின்றன. இத்தகைய கலவையைப் பால்மம் என்பர்.

வண்ணத்தைப் பூசியதும் நீர் ஆவியாகிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, அழுந்தி, இணைந்து ஒரே படலமாகின்றன. மெல்லிய பூச்சு சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். உலர்ந்தபின் நீர் பட்டாலும் கரையாது. அக்ரிலிக் வேதியியலுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ ரோம். 1901-இல் இத்துறை ஆராய்ச்சிக்காகவே அவர் டாக்டர் பட்டம் பெற்றார். நீரில் கலக்கும் அக்ரிலிக் ஓவிய வண்ணங்கள் 1950-களில் விற்பனைக்கு வந்தன.

மூன்று சிறு சோதனைகள்

தீட்டத் தொடங்குமுன் ஒரு தாளில் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. நீர்வண்ணத்தால் ஒரு கோடும் அக்ரிலிக்கால் ஒரு கோடும் போடுங்கள். இரண்டும் நன்கு காய்ந்தபின் ஈரத் தூரிகையால் தேயுங்கள். நீர்வண்ணம் கலையும், அக்ரிலிக் அசையாது. ஆகவே காய்ந்த அக்ரிலிக்கின் மேல் வேறு வண்ணத்தை அச்சமின்றிப் பூசலாம்.

2. நீலத்துடன் வெள்ளையைக் கலந்து ஒரு கட்டம் தீட்டுங்கள். அது காய்ந்ததும் அதே கலவையால் பக்கத்தில் இன்னொரு கட்டம் தீட்டுங்கள். காய்ந்த கட்டம் சற்று அடர்ந்திருக்கும். ஈரத்தில் பால்மத் துகள்கள் ஒளியைச் சிதறடித்து வெண்மை கூட்டுகின்றன. காய்ந்தபின் அவை இணைந்து தெளிந்த படலமாகின்றன, வெண்மை மறைகிறது. எனவே நீங்கள் விரும்பும் நிறத்தைவிடச் சற்று வெளிறலாகக் கலக்க வேண்டும்.

3. நீலப் பட்டை ஒன்றைத் தீட்டிக் காய விடுங்கள். அதன் ஒரு பாதியில் மட்டும் வெள்ளை பூசி, அதையும் காய விடுங்கள். பிறகு பட்டை முழுவதும் லெமன் யெல்லோவைப் பூசுங்கள். வெள்ளையின் மேல் மஞ்சள் ஒளிரும். நீலத்தின் மேல் பச்சை தட்டும்.

நம் கேள்விக்கு விடை இந்த மூன்றாம் சோதனையில் இருக்கிறது. லெமன் யெல்லோ பெரும்பாலும் ஒளி ஊடுருவும் வண்ணம். ஒளி அதனுள் புகுந்து, அடியில் உள்ள வண்ணத்தைத் தொட்டுத் திரும்புகிறது. மஞ்சள், ஒளியின் நீலப் பகுதியை உறிஞ்சுகிறது. அடியில் உள்ள நீலம், சிவப்புப் பகுதியை உறிஞ்சுகிறது. எஞ்சுவது பச்சை. வெள்ளை வண்ணத்தில் உள்ள டைட்டேனியம் டை ஆக்சைடின் கதை வேறு. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7, சுற்றியுள்ள பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ 1.5. இவ்வளவு வேறுபாடு இருப்பதால் அது ஒளியை வலுவாகச் சிதறடித்து, அடியில் இருப்பதை மறைத்துவிடுகிறது.

இனித் தீட்டலாம்

வெள்ளை, லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியென்னா ஆகிய ஐந்து வண்ணங்கள் போதும். கெட்டியான அட்டை, ஒரு பட்டைத் தூரிகை, இரண்டு கூர் தூரிகைகள், பழைய பீங்கான் தட்டு, ஒரு குவளை நீர் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வானம்: நீலத்துடன் நிறைய வெள்ளை கலந்து மேலிருந்து கீழாகப் பூசுங்கள். அடிவானத்தை நெருங்க நெருங்க வெள்ளையைக் கூட்டுங்கள். அத்திசையில் பார்க்கும்போது அதிகக் காற்றை ஊடுருவிப் பார்க்கிறோம். அதனால்தான் அங்கே வானம் வெளிறித் தெரிகிறது. வண்ணம் விரைவில் காயும். கையும் விரைய வேண்டும்.

மரம்: நீலமும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்தால் நல்ல சாம்பல் பழுப்பு கிடைக்கும். அடிமரத்தையும் கிளைகளையும் அதனால் தீட்டுங்கள். கிளைகள் நுனியை நோக்கி மெலிய வேண்டும். சென்ற ஆண்டுக் காய்கள் சில, கரிய நீண்ட குழல்களாக இன்னும் தொங்கலாம். அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

நிழற்பூக்கள்: பூத்திரளில் வெயில் படாத பகுதியை முதலில் தீட்டுங்கள். யெல்லோ ஆக்கருடன் சிறிது பர்ன்ட் சியென்னா கலந்தால் போதும். நிழல்தானே என்று கறுப்பைக் கலந்தால், மஞ்சள் பாசிப் பச்சையாகிவிடும். திரள்களுக்கிடையே வானம் தெரியும் இடைவெளிகளை அப்படியே விட்டுவையுங்கள். மரம் மூச்சுவிட அவை வேண்டும்.

வெயிற்பூக்கள்: இங்கேதான் மூன்றாம் சோதனை கைகொடுக்கும். வெயில் படும் பக்கத்தில் முதலில் வெள்ளையால் சரங்களைத் தீட்டுங்கள். கொன்றைச் சரத்தில் காம்பின் அடியில் உள்ள பூக்களே முதலில் மலரும். சரம் தொங்குவதால் விரிந்த பூக்கள் மேலேயும், உருண்டை மொட்டுகள் கீழ் நுனியிலும் இருக்கும். ஆகவே சரம் மேலே அகன்று கீழே குறுக வேண்டும். வெள்ளை நன்கு காய்ந்தபின் லெமன் யெல்லோ பூசுங்கள். இறுதியாக, மஞ்சளில் சிறிது வெள்ளை கலந்து, வெயில் நேராக விழும் இடங்களில் மட்டும் சில புள்ளிகள் வையுங்கள். எல்லா இடத்திலும் வைத்தால் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாது போகும்.

மொட்டுகளுக்கும் ஓரிரு தளிர்களுக்கும் நீலத்தையும் மஞ்சளையும் கலந்த பச்சையைத் தொடுங்கள். அடியில் உதிர்ந்த இதழ்களைச் சிதற விட்டால் படம் முடிந்தது.

தூரிகையைக் கவனியுங்கள்

தூரிகையில் அக்ரிலிக் காய்ந்துவிட்டால் மயிர்கள் கட்டையாகிவிடும். நீரில் எவ்வளவு ஊறவைத்தாலும் பயனில்லை. எனவே காயுமுன் கழுவ வேண்டும். அதற்கு முன் பழைய தாளில் நன்றாகத் துடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் துகள்கள் சாக்கடை வழியே நீர்நிலைகளைச் சேர்வது அதனால் குறையும்.

இனி ஒரு கேள்வி. செம்மயிற்கொன்றையின் சிவப்புப் பூக்களை நீல வானத்தின்மேல் தீட்டுவதானால், அடியில் வெள்ளை பூச வேண்டுமா? உங்களிடமுள்ள சிவப்பு வண்ணத்தைக் கொண்டு மூன்றாம் சோதனையை மீண்டும் செய்து, விடையை நீங்களே கண்டுபிடியுங்கள்.