கழிக்கு அக்கரையில் ஒரு நகரம்

கேள்வி: திட்டமிட்டு நவி மும்பையைக் கட்டிய பிறகும் மும்பையில் நெரிசல் குறையவில்லையே, ஏன்?

பதில்: கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரிஷ் படேல் மூவரும் 1960-களில் சொன்ன நவி மும்பை யோசனையின் உயிர்நாடியே, தலைமைச் செயலகத்தைத் தாணே கழிக்கு அக்கரையில் கொண்டுபோய் வைப்பதுதான். வேலை போகும் இடத்துக்கு ஜனமும் போகும் என்பது அவர்கள் கணக்கு. 1970-இல் புதிய நகரைக் கட்ட சிட்கோ என்ற அரசு நிறுவனம் பிறந்தது. தலைமைச் செயலகமோ தென் மும்பையை விட்டு அசையவில்லை. எதிர்த்திசையில், அதே தென் மும்பையின் நரிமன் பாயிண்டில் கடலைத் தூர்த்து அலுவலகக் கோபுரங்களை எழுப்பினார்கள். நவி மும்பையின் வாஷிக்கு மின்சார ரயில் வந்ததே 1992-இல்தான்.

என் மனத்தை அறுப்பது இன்னொன்று. இந்த நகருக்காக நிலம் இழந்த உழவர்கள் டி.பி. பாட்டீல் தலைமையில் 1984-இல் போராடி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களையும் பறிகொடுத்த பிறகே, எடுத்த நிலத்தில் 12.5 சதவீத அளவு மேம்படுத்திய மனையாக அவர்களுக்குக் கிடைத்தது. அதை முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.