முதலா? வருமானமா?

அந்தமானில் குட்வில் எஸ்டேட் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டுத் திண்ணை. மாலை நேரம். ஒரு பெண் கணக்கு நோட்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுதக் கற்று ஓராண்டு ஆகிறது.

வீட்டில் கடன் 40,000 ரூபாய். தென்னந்தோப்பில் பாதியை விற்கலாம் என்கிறார் கணவர். அவருக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் யோசனை கேட்டார். பெரியவர் காட்டில் மரம் வெட்டியவர்.

"தோப்பு விற்ற பணத்தை நோட்டில் எங்கே எழுதுவாய், தாயி?"

"வரவில்தான், மாமா."

"எங்கள் கம்பெனியும் அப்படித்தான் எழுதியது."

அது அரசாங்கக் கம்பெனி. அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் என்று பெயர். 1977-ல் தொடங்கினார்கள். வடக்கு அந்தமானிலும் லிட்டில் அந்தமானிலும் மரம் வெட்டினார்கள். எண்ணெய்ப்பனை, ரப்பர் தோட்டங்களும் இருந்தன. ஆனால் பெரிய வரவு மரத்தில்தான். மரம் விற்ற பணத்தில் சம்பளம் நடந்தது.

காட்டு மரம் பெரிதாகப் பல பத்து ஆண்டுகள் ஆகும். காடு வளர்கிற அளவுக்கு மட்டும் வெட்டினால் காடு குறையாது. அதற்கு மேல் வெட்டினால்? வரவு ஏறும். காடு இறங்கும். முதலை எடுத்துச் செலவழித்து விட்டு, அதற்கு வருமானம் என்று பெயர் வைப்பது போலத்தான்.

லிட்டில் அந்தமான் ஓங்கே மக்களின் தீவு. காட்டுப் பன்றியும் தேனும் அவர்களுக்குக் காட்டில்தான் கிடைக்கும். அவர்கள் நூறு பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் இழந்ததை எந்த நோட்டில் எழுதுவது?

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2001-ல் மரம் வெட்டத் தடை வந்தது. 2002 மே 7-ல் விரிவான உத்தரவும் வந்தது. கம்பெனியின் பெரிய வரவு நின்றது. சம்பளம் கொடுக்க மத்திய அரசு கடன் தந்தது. அந்தக் கடனுக்கும் வட்டி. 2017-ல் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது.

"கோர்ட்டு எங்கள் சோற்றில் மண்ணைப் போட்டது என்று திட்டினேன், தாயி. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! ஆனால் மரம் தீர்ந்தாலும் அந்தக் கம்பெனி நின்றுதான் இருக்கும். கொஞ்சம் பிந்தி நின்றிருக்கும்."

"அப்படியானால் தோப்பை விற்கவே கூடாதா, மாமா?"

"அப்படிச் சொல்லவில்லை. கடனும் முதலைத் தின்னும். இரண்டையும் எழுதிப் பார்."

அந்தப் பெண் இப்படி எழுதினார். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

தென்னை மரம் 40. ஒரு மரத்துக்கு ஆண்டில் 50 காய். ஒரு காய் 10 ரூபாய். தோப்புச் செலவு ஆண்டுக்கு 8,000 ரூபாய்.

பாதித் தோப்பு போனால் ஆண்டுக்கு எவ்வளவு வருமானம் போகும்?

வட்டிக்காரரிடம் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. கூட்டுறவுச் சங்கத்தில் 1 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி இங்கே எவ்வளவு, அங்கே எவ்வளவு?

எந்தக் கடனுக்காகத் தோப்பை விற்கலாம்? எந்தக் கடனுக்காக விற்கக் கூடாது?