கணிப்பொறிப் பாடம்: பட்டையில் இருப்பது சீட்டு, சரக்கு அல்ல

மொத்த வியாபாரத்தில் கடையில் உட்கார்ந்தபடியே சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். வாங்குபவர் அதைக் கொண்டுபோய்க் குடோனில் காட்டி மூட்டைகளை ஏற்றிக்கொள்கிறார். சீட்டில் 'துவரம் பருப்பு 10 மூட்டை' என்று எழுதியிருப்பதால் சீட்டுக்குள்ளேயே பருப்பு இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் கணிப்பொறியின் முன் உட்கார்ந்ததும் இந்தத் தெளிவு நம்மில் பலருக்குப் போய்விடுகிறது.

நமக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவர் பழைய கணிப்பொறியை மாற்றினார். புதியதற்குக் கணக்கைக் கொண்டுபோக வேண்டும் என்று திரையில் தெரிந்த பில்லிங் படத்தையும், பேரேட்டுப் படத்தையும் பென் டிரைவில் காப்பி செய்துகொண்டார். கண் சிமிட்டும் நேரத்தில் காப்பி முடிந்துவிட்டது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பழைய எந்திரத்தை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, புதியதில் படத்தைத் தட்டினால், 'இந்த ஷார்ட்கட் சுட்டும் பொருள் காணப்படவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. ஆறு வருடப் பற்று வரவு! நல்ல வேளையாகப் பழைய எந்திரம் அழிக்கப்படாமல் விற்ற கடையின் மூலையிலேயே கிடந்தது. ஒரு வாரம் தாமதித்திருந்தால் கடன் பாக்கி வசூலுக்கு ஞாபகத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

அவர் எடுத்துச் சென்றது ஷார்ட்கட் என்னும் சீட்டை. 'இந்த மென்பொருள் டிஸ்கில் இன்ன இடத்தில் இருக்கிறது' என்ற முகவரி மட்டுமே அதில் இருக்கும். அளவும் ஓரிரு கேபிதான். திரையில் உள்ள ஷார்ட்கட் படத்தின் இடது கீழ் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி இருப்பதைப் பார்க்கலாம். அதுதான் அடையாளம். திரையின் அடியில் ஓடும் டாஸ்க்பார் பட்டையில் நாம் பதித்து வைக்கும் படங்களும் இதே இனம்தான். அங்கே அம்புக்குறி தெரிவதில்லை என்பதால் ஏமாறுவது இன்னும் சுலபம்.

இந்தப் பட்டை 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95 உடன் நம் மேசைக்கு வந்தது. அப்போது அது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை மட்டும் காட்டியது. 1997இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உடன் 'குவிக் லாஞ்ச்' என்று ஒரு சிறு பகுதி சேர்ந்தது. ஒரு தட்டில் மென்பொருளைத் திறப்பது அதன் வேலை. 2009இல் வந்த விண்டோஸ் 7 இரண்டையும் ஒன்றாக்கியது. திறக்காத மென்பொருளுக்கும், திறந்து ஓடுகிற மென்பொருளுக்கும் ஒரே படம் என்றானது. பழகியவர்களே குழம்பியது இங்கேதான்.

வித்தியாசம் கண்டுபிடிக்க, படத்தின் அடியைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடுகிற மென்பொருளின் கீழே ஒரு கோடு இருக்கும். ஆப்பிள் கணிப்பொறியின் 'டாக்' பட்டையில் இதற்குப் பதில் புள்ளி. கோடு இருக்கும் படத்தைத் தட்டினால் புதிதாக எதுவும் திறக்காது, ஏற்கெனவே திறந்திருப்பது முன்னால் வரும். கடைக்கு இதுதான் பெரிய லாபம். திரையிலுள்ள ஷார்ட்கட்டை ஒவ்வொரு முறையும் தட்டினால், சில மென்பொருள்கள் இரண்டாவது, மூன்றாவது என்று திறந்துகொண்டே போகும். பாதி போட்ட பில் ஒன்றில், மீதி இன்னொன்றில் என்று கூட்ட நேரத்தில் பையன் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறோம். அதனால் பில்லிங்கைப் பட்டையிலிருந்தே திறக்கப் பழக்குங்கள்.

பட்டையில் எதை வைப்பது? கல்லாவுக்குப் பக்கத்தில் எதை வைப்போமோ, அதே கணக்கு. பில்லிங், விலைப் பட்டியல் உள்ள எக்ஸெல், பிரௌசர், கால்குலேட்டர் போதும். விற்றவர் முன்கூட்டியே பதித்துத் தந்த மற்றவற்றை வலது பொத்தானால் தட்டி 'அன்பின்' கொடுத்து எடுத்துவிடலாம். சீட்டைக் கிழித்தால் குடோன் சரக்கு குறையாது. மென்பொருளும் கணக்கும் அப்படியே இருக்கும். பில்லிங்கை இடது ஓரத்தில் முதலாவதாக இழுத்து வைத்தால், விண்டோஸ் விசையோடு 1 என்ற எண்ணை அழுத்தினாலே திறக்கும். மவுஸ் தேவையில்லை. இரண்டாவது படத்துக்கு 2, இப்படியே 9 வரை.

எக்ஸெல் படத்தை வலது பொத்தானால் தட்டினால் அண்மையில் திறந்த கோப்புகள் வரிசையாக வரும். விலைப் பட்டியலை அதிலேயே பதித்துக்கொள்ளலாம். வசதிதான், ஆனால் 'கடன் பாக்கி' என்று பெயரிட்ட கோப்பும் அந்த வரிசையில் நிற்கும். திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்தால் கவனம் தேவை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய எந்திரங்களை நம் கடைகளில் பலர் மாற்றுகிறார்கள். மாற்றும் முன், கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்தவரிடம் கணக்குத் தரவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். ஷார்ட்கட்டின் 'பிராப்பர்ட்டீஸ்' காட்டுவது மென்பொருளின் இடத்தை. தரவு வேறிடத்தில் இருக்கலாம். பெரும்பாலான கணக்கு மென்பொருள்களில் 'பேக்கப்' என்று தனியே ஒரு வழி உண்டு, அதைப் பயன்படுத்துவதே முறை. எடுத்ததைப் புதிய எந்திரத்தில் ஏற்றி, கடைசி பில் எண்ணும் ஏதாவது இரண்டு கடன்காரர்களின் பாக்கியும் பழையதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகு பழைய எந்திரத்தை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கலாம்.